பச்சைத் தொப்பிகள் சுருங்கிய கதை

ஒரே வாளி, ஒரே வெந்நீர், ஒரே சோப்புத் தூள். நாற்பதுக்கும் மேற்பட்ட தொப்பிகளை ஒன்றாகப் போட்டுத் துவைத்திருக்கிறார்கள். அவற்றில் பதினாறு மட்டும் ஆரஞ்சுப் பழத்துக்கு மாட்டலாம் என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டன. மற்றவை போட்டது போட்டபடி இருந்தன. எல்லாவற்றுக்கும் நூல் கொடுத்தது ஒரே தொழிற்சாலை. எல்லாம் பச்சை. எல்லாம் ஒரே அளவுக் குரோஷா ஊசியில் பின்னியவை. பிறகு ஏன் பதினாறு மட்டும்?

மிஷன் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டிலிருந்து மசாயா சிஸ்டர் அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்து, தேவாலயக் கூடத்து மேசைமேல் கொட்டினார். வியாழக்கிழமை மத்தியானம், பெண்கள் கூட்டம். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் ஜூன்தான் குளிர்காலம். அந்த மரோண்டேராக் குளிரில் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"குறை சொல்ல வரலம்மா," என்றார் சிஸ்டர். "குறைமாசப் புள்ளைங்க இருக்கிற வார்டு. எதுவா இருந்தாலும் கொதிக்கிற தண்ணியில போட்டு அலசித்தான் ஆகணும். இந்தப் பதினாறு மட்டும் இப்படி ஆயிடுச்சு. ஏன்னு தெரிஞ்சா நல்லது."

"எலிக்குட்டி பொறந்தா போட்டுவிடலாம்," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

கூட்டத்தை நடத்துகிற போதகர் அம்மா சிரிக்கவில்லை. "ஷுவாய் அம்மா, நீங்கதான் எதையும் நோண்டிப் பாக்குற ஆளு. என்னன்னு பாருங்க."

எனேசியா எழுந்து போய் ஒன்றைக் கையில் எடுத்தாள். மூத்த மகள் பெயர் ஷுவாய் என்பதால் ஊரில் அவள் எல்லோருக்கும் ஷுவாய் அம்மாதான். தொப்பி அட்டைபோல் கெட்டியாக இருந்தது. எந்தப் பின்னலும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாதாரணமாக ஒரு தொப்பியைப் பார்த்தால் யார் கை என்று சொல்லிவிடுவாள். ஒருத்தி ஒவ்வொரு சுற்றையும் மூடி அடுத்ததை ஆரம்பிப்பாள், ஒருத்தி மூடாமலே நத்தை ஓடு மாதிரி சுற்றிக்கொண்டே போவாள். இதில் அந்த அடையாளமெல்லாம் அழிந்துபோயிருந்தது. தொப்பியில் பெயர் எழுதி ஒட்டும் வழக்கமும் அந்தக் கூட்டத்தில் இல்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

"தெரியலையே," என்றாள் எனேசியா.

அந்த நிமிஷத்தில் அது பொய் இல்லை. ஏன் சுருங்கியது என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் மேசைமேல் கிடந்தவற்றை அவள் கண்ணாலேயே இன்னொரு தடவை எண்ணினாள். பதினாறு. அவள் கொடுத்தது பதினாறு.

நூல் வருகிற வழியைச் சொன்னால்தான் இது விளங்கும். பள்ளிக்கூட ஸ்வெட்டர் பின்னும் ஒரு தொழிற்சாலை, இயந்திரத்தில் மீந்துபோகும் நூல் கோன்களைத் தேவாலயத்துக்குச் சும்மா கொடுக்கிறது. ஒரு பருவம் முழுக்கக் கருநீலம் வரும், இன்னொரு பருவம் முழுக்கச் செங்கருப்பு. அதனால் அந்த வார்டில் பிறக்கும் குழந்தைகள் எல்லாம் பிறந்த அன்றே பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டதுபோல் இருக்கும் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. போதகர் அம்மா சமையல் தராசில் நூலை நிறுத்துக் கொடுப்பார். தொப்பிகள் திரும்பி வரும்போது அதே தராசில் நிறுத்து வாங்குவார். பிறகு ஓர் எனாமல் குவளையைக் கவிழ்த்து, தொப்பி ஒவ்வொன்றையும் அதன்மேல் மாட்டிப் பார்ப்பார். எடையும் அளவும் சரியாக இருந்தால் வேறு கேள்வி இல்லை.

இந்தப் பருவம் வந்தது பச்சை. ஷுவாயின் பள்ளிக்கூடத்துப் பச்சை.

மே மாதக் கடைசியில் ஷுவாயைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தி, அவள் போட்டிருந்த சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். சீருடைப் பச்சை தவிர வேறு நிறம் கூடாது. கடையில் விசாரித்தபோது சொன்ன விலைக்கு வீட்டுக்கு ஒரு மாதத்துச் சோள மாவு வாங்கலாம். ஷுவாயின் அப்பா புகையிலைப் பண்ணையில் டிராக்டர் ஓட்டுகிறார். இலை விற்ற பிறகுதான் சம்பளம். அதுவரை எண்ணெய் புட்டியில் கோடு போட்டு வைத்துச் சமைக்கிற வீடு அது. "குளிரலம்மா," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தினமும் வெறும் சட்டையோடு போய் வந்தாள். விரல் முட்டிகள் சாம்பல் பூத்து வெடித்திருந்தன. அதே சமயம் வீட்டு மூலையில் பச்சை நூல் கோன் உட்கார்ந்திருந்தது. கடையில் விற்கிற ஸ்வெட்டரை எந்த நூலில் பின்னுகிறார்களோ, அச்சு அசலாய் அதே நூல்.

எனேசியா இரண்டு சைக்கிள் சக்கரக் கம்பிகளைத் தேய்த்துக் கூராக்கி, அந்த நூலில் ஸ்வெட்டர் பின்னிவிட்டாள். திருடுகிறோம் என்று நினைத்துச் செய்யவில்லை. பழந்துணிப் பொதி பிரிக்கிற சந்தையில், முழங்கை பொத்தலான ஆம்பளை ஸ்வெட்டர் ஒன்று கிட்டத்தட்ட அதே பச்சையில் கிடைத்தது. விலை ஒரு கட்டுக் கீரைக்கு மேல் போகவில்லை. அதைப் பிரித்து, அலசி, காயவைத்து, அந்த நூலில் தொப்பிகளைப் போட்டாள். தராசில் வைத்தபோது எடை கனகச்சிதமாக நின்றது. எடைக்கு எடை போய்விட்டது, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சமாதானம் தேவைப்பட்டது என்பதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

சுருங்கிய தொப்பிகள் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவள் பரிசோதனையைத் தொடங்கினாள். தொழிற்சாலை நூல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பழைய ஸ்வெட்டர் நூலும் இருந்தது. இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் பின்னினாள். இரண்டையும் கொதிநீரில் போட்டுச் சட்ஸா என்கிற சோளக் களி கிண்டும் கட்டையால் நன்றாக அலசினாள். எடுத்துப் பார்த்தால், ஒன்று அப்படியே இருந்தது. மற்றது அவள் கண்ணெதிரே பாதியாகிக் கெட்டிப்பட்டிருந்தது.

பிறகு இரண்டு நூல் நுனிகளையும் அடுப்பில் காட்டினாள். தொழிற்சாலை நூல் உருகி, ஒரு கருப்பு மணியாகத் திரண்டது. ஆறிய பின் நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக்போல் டிக்கென்றது. மற்ற நூல் உருகவே இல்லை. பொசுங்கி, விரலால் நசுக்கினால் பொடியாக உதிர்ந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஷுவாய் வாசலில் நின்று மோந்து பார்த்தாள். உடம்பில் அந்தப் பச்சை ஸ்வெட்டர். "யார் வீட்டுலம்மா ஆட்டுத்தலை வாட்டுறாங்க?"

எனேசியா தேடிய விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. பொசுங்கியது ஆட்டு ரோமம். தொழிற்சாலை நூல் அக்ரிலிக். அதாவது ரசாயனத்தில் செய்தது.

ரோமம் ஏன் சுருங்குகிறது என்பது அழகான விஷயம். ஒவ்வொரு ரோமத்தின் மேலும் மீனுக்கு இருப்பதுபோல் செதில் உண்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில். வெந்நீரும் சோப்பும் பட்டால் அந்தச் செதில்கள் விரிந்துகொள்ளும். அலசும்போது ஒரு ரோமம் இன்னொன்றின்மேல் ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். திரும்பி வர முடியாது, செதில் பிடித்துக்கொள்ளும். இப்படி ஆயிரக்கணக்கான ரோமங்கள் நகர்ந்து நகர்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டுவிட்டால் துணி சிறுத்துக் கெட்டியாகிவிடும். பழையபடி ஆக்க யாராலும் முடியாது. அக்ரிலிக்குக்குச் செதில் இல்லை. அதனால் வழுக்கியது வழுக்கியபடியே திரும்பிவிடும்.

வேறொரு சமயமாக இருந்தால் இதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எனேசியா அன்றைக்கே போதகர் வீட்டுக்கு ஓடியிருப்பாள். இப்போது ஓட முடியவில்லை. விடையைச் சொன்னால், அந்த நூல் எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

அடுத்த வியாழக்கிழமை அவள் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் வேறொரு விடையைக் கண்டுபிடித்திருந்தது.

குந்தாய் அம்மா கூட்டத்துக்குப் புதியவள். ரோட்டோரம் தக்காளி விற்கிறவள். அவள் இழுத்துப் பின்னுகிற இறுக்கத்தில் குரோஷா ஊசி கீச்சிடும். "கை அவ்வளவு இறுக்கமா இருந்தா சுருங்காம என்ன செய்யும்," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "அவங்க தக்காளி மூட்டைய முடியுற மாதிரி முடியுறாங்க," என்றாள். இறுக்கமாகப் பின்னினால் தொப்பி துவைக்கும் முன்பே சிறியதாக இருந்திருக்கும், குவளையில் ஏறியிருக்காது. இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தி பேசவில்லை.

குந்தாய் அம்மா தன் கைகளைப் பார்த்தாள். "எங்க அம்மாவே சொல்லுவா, உங் கை இரும்புன்னு. நானாத்தான் இருக்கும். மன்னிச்சுக்கங்க."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு," என்றார் போதகர் அம்மா. "கொஞ்ச நாள் நீங்க கோன்லேர்ந்து நூல் உருண்டை சுத்திக் குடுங்க. ஷுவாய் அம்மா, பக்கத்துல உக்காந்து தளர்த்திப் போடுறது எப்படின்னு சொல்லிக் குடுங்க."

எனேசியா உட்கார்ந்தாள். குந்தாய் அம்மாவின் இடது கையைப் பிடித்து, நூலைச் சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றாமல் ஒரு சுற்றோடு விட்டு, ஆள்காட்டி விரல்மேல் எப்படி ஓடவிடுவது என்று காட்டினாள். "விரலை மடக்காதீங்க. நூல் அதுபாட்டுக்குப் போகட்டும்." அவள் குரல் பொறுமையாகவும் கனிவாகவும் இருந்தது. குந்தாய் அம்மா சின்னப்பிள்ளைபோல் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "உங்களுக்கு எவ்வளவு பொறுமைக்கா," என்று சொல்லி, மடியிலிருந்து மூன்று தக்காளியை எடுத்துக் கொடுத்தாள்.

அந்தத் தக்காளியை எனேசியா வீட்டில் வேகவைத்தாள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அவள் வெறும் சட்ஸாவைச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவள் ஒரு வழி தேடினாள். பெயரைச் சொல்லாமல் உண்மையை மட்டும் சொல்கிற வழி. கிடைத்துவிட்டதாகவும் நினைத்தாள். மூன்றாம் வியாழக்கிழமை, தேநீர் ஊற்றும்போது எழுந்து நின்றாள்.

"அது கை இறுக்கம் இல்ல. நூல்தான் காரணம். பதினாறுல இருக்கிறது ஆட்டு ரோமம். நெருப்புல காட்டினா தெரியும். எப்படியோ கலந்திருக்கு."

ஒரு தீக்குச்சியைக் கிழித்து, சுருங்கிய தொப்பி ஒன்றின் ஓரத்து ரோமத்தைப் பொசுக்கிக் காட்டினாள். எல்லோரும் மோந்து பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு பாராட்டு முணுமுணுப்பு ஓடியது. குந்தாய் அம்மாவின் முகம் மலர்ந்தது. எனேசியாவுக்கு ஒரு கணம் மூச்சு லேசானது.

"பாத்தீங்களா, கேட்டா ஷுவாய் அம்மாவைத்தான் கேக்கணும்," என்ற போதகர் அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். "அப்போ தொழிற்சாலைக்காரங்க கலப்பட கோனைத் தலையில கட்டியிருக்காங்க. சும்மா குடுக்கிறோம்னு எதை வேணா குடுக்கிறதா? மேஸ்திரிகிட்ட இப்பவே கேக்குறேன். புள்ளைங்க உயிர் விஷயம்."

எனேசியாவுக்கு அந்த மேஸ்திரியைத் தெரியும். முதலாளியிடம் தானே பேசி நூல் வாங்கித் தருகிற ரோஷக்காரர். கலப்படம் என்ற சொல் காதில் விழுந்தால் அடுத்த கோன் வராது. கோன் வராவிட்டால் தொப்பி இல்லை. ஒருத்தி தலையில் இருந்த பழியை இறக்கி இன்னொருவர் தலையில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். போதகர் அம்மா எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

"போன் பண்ணாதீங்கம்மா," என்றாள். "கலந்தது அவங்க இல்ல. நான்."

போதகர் அம்மாவின் விரல் நின்றது.

"அந்தப் பதினாறும் நான் போட்டது. நீங்க குடுத்த நூல்ல எம் பொண்ணுக்கு ஸ்வெட்டர் பின்னிட்டேன். சந்தையில பழசு ஒண்ணு வாங்கிப் பிரிச்சு, அதுல தொப்பி போட்டேன்."

"எடை சரியா இருந்துச்சே," என்றார் போதகர் அம்மா. அவர் தராசை நம்புகிறவர்.

"எடை சரியா இருக்கிற மாதிரிதான் போட்டேன்." சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எவ்வளவு அசிங்கமானது என்று அவளுக்கே கேட்டது.

ஒருத்தி கரண்டியைக் கோப்பையில் விட்டு, சத்தம் வந்ததும் அதை வெளியே எடுத்துவிட்டாள்.

குந்தாய் அம்மா கேட்டாள்: "என் கையப் புடிச்சு சொல்லிக் குடுத்தீங்களே, அப்பவே தெரியுமாக்கா?"

"தெரியும்."

குந்தாய் அம்மா தன் ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்தீங்க. இப்பெல்லாம் மணிக்கட்டு வலிக்கிறதில்ல."

திட்டியிருந்தால் எனேசியா நிமிர்ந்திருப்பாள். இதற்கு எப்படி நிமிர்வது என்று தெரியாமல் தரையில் இருந்த சிமெண்டு விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி விடுங்க," என்றாள் பின்வரிசைக்காரி. "அந்தப் புள்ளை மேல கெடக்கிற ஸ்வெட்டரப் பிரிக்கவா முடியும்?" போதகர் அம்மாவும் தலையை ஆட்டினார். இரக்கம் கூடத்தில் பரவத் தொடங்கியது. எனேசியாவுக்கு அது இன்னும் கூசியது.

"பிரிச்சுத்தான் ஆகணும்," என்றாள் குந்தாய் அம்மா. "எம் பையன் அந்த வார்டுலதான் பொறந்தான், ஏழாம் மாசத்துல. தலையில போட ஒண்ணும் இல்லாம நான் கட்டியிருந்த தலைத்துணிய அவுத்துச் சுத்தினேன். இப்ப பதினாறு தலை வெறுமையா இருக்கு." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன். நூல் சுத்துறதுதானே இப்ப என் வேலை."

ஷுவாய் வீட்டில்தான் இருந்தாள். அம்மா சொன்னதை எல்லாம் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றினாள். கழற்றியதை மடித்து மேசைமேல் வைத்தாள். "எல்லாரும் கேட்டாங்கம்மா, எங்க வாங்கினேன்னு. எங்கம்மா பின்னினதுன்னு பெருமையாச் சொன்னேன்."

எனேசியா விளிம்புத் தையலை அவிழ்த்து, பின்னி முடித்த கடைசி நுனியைத் தேடி எடுத்து இழுத்தாள். வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. நூல் நெளிநெளியாக இருந்தது. நெளி நூலில் போட்டால் அளவு நிற்காது. அதனால் நாற்காலி முதுகில் தளர்வாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, கொதிக்கும் பானையின் ஆவியில் காட்டினாள். நெளிவு கண்ணெதிரே நிமிர்ந்தது. நிமிர்ந்த நூலைக் குந்தாய் அம்மா உருண்டையாகச் சுற்றினாள்.

ஷுவாய் பள்ளிக்கூடச் சட்டையோடு அடுப்போரம் குந்தி, கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டிருந்தாள். குந்தாய் அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த சுருங்கிய தொப்பி ஒன்றை எடுத்தாள். "இதையும் பிரிச்சா நூலாவது மிஞ்சும். வேற ஒரு ஸ்வெட்டர் போட்டுடலாம்ல?"

"பிரியாது. ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிச்சு."

குந்தாய் அம்மா நம்பாமல் நுனியைத் தேடினாள். நுனி கிடைக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து விளிம்பிலிருந்து உச்சிவரை ஒரே வெட்டாக வெட்டினாள். குரோஷா வேலையை யாரும் அப்படி வெட்ட மாட்டார்கள். வெட்டினால் மொத்தமும் அவிழ்ந்துவிடும். அவள் வெட்டிய ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். ஓர் இழைகூட வெளியே வரவில்லை.

"அக்கா, இங்க பாருங்க."

எனேசியா அதை வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டை இல்லை. வாயருகே வைத்து ஊதினாள். மூச்சு மறுபக்கம் போகவில்லை. "உச்சியில ரெண்டு சின்ன வெட்டுப் போடுங்க, தட்டையாயிடும்," என்றாள். குந்தாய் அம்மா போட்டாள். உள்ளங்கைகள் இரண்டை ஒட்டிவைத்த அகலத்துக்குத் தட்டையான துண்டு ஒன்று மேசையில் கிடந்தது.

"சீருடைப் பச்சை இல்லையே இது," என்றாள் ஷுவாய். "கொஞ்சம் நீலமா இருக்கு. வாசல்ல கழட்டச் சொல்லிடுவாங்க."

"வெளிய போட்டாத்தானே," என்றாள் குந்தாய் அம்மா.

பதினாறு தொப்பிகளையும் அப்படியே வெட்டி விரித்தார்கள். வெட்டிய ஓரம் பிரியாது என்பதால் மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஓரத்தோடு ஓரம் ஒட்டிவைத்துத் தைத்தால் போதும். முன்பக்கத்துக்கு எட்டு, முதுகுக்கு எட்டு. கை இல்லாத ஒரு பனியன். சட்டைக்கு மேலே, சீருடைப் பச்சைக் கவுனுக்கு உள்ளே போட்டால் வெளியே தெரியாது, காற்றும் நுழையாது. அதைப் குளிர்ந்த தண்ணீரில்தான் துவைக்க வேண்டும், கசக்கக் கூடாது. ஸ்வெட்டரைப் பிரித்த நூலில் வார்டுக்குப் பதினாறு தொப்பி வரும். அவற்றைக் கொதிநீரில் போடலாம். இனி எந்த நூல் வந்தாலும், ஊசியில் ஏற்றுவதற்கு முன் ஒரு நுனியை எரித்துப் பார்க்க வேண்டும்: மணியாக உருகினால் குழந்தைகளுக்கு, முடி பொசுங்கும் வாடை வந்தால் பெரியவர்களுக்கு.